ஆரியசாலைக்கு இறங்கி வரும் மலை

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு ஆரியசாலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சாலைக் கடைத்தெருவின் இரைச்சல். அப்புறம் கிள்ளிப்பாலம், பக்கத்திலேயே வலியசாலை அக்கிரகாரம், தமிழ் பேசியே சரக்கு வாங்கிவிடக் கூடிய கடைகள். நாகர்கோவில், திருநெல்வேலி, அதற்கும் அப்பாலிருந்து பிழைப்புக்கு வந்த நம்மவர்கள் பல தலைமுறைகளாகக் காலூன்றிய இடம் இது. ஆகவே இம்மலருக்கு ஆரியசாலையைப் பற்றி ஒரு கட்டுரை என்றால் வணிகர் வரலாற்றைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு. இந்தத் தெருவுக்கும், கிழக்கே வெயில் தெளிந்த நாளில் நீலமாகத் தெரிகிற அகத்தியமலைக்கும், அந்த மலையில் வாழ்கிற காணிக்காரர் என்னும் பழங்குடிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதப் போகிறேன்.

"மலைக்கும் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் ஆண்டுதோறும் நம் கண்முன்னாலேயே நடந்து வருகிறது.

வேளிமலையிலிருந்து வரும் விருந்தாளி

நவராத்திரி நெருங்கிவிட்டால் ஆரியசாலையில் பேச்சே மாறிவிடும். "குமாரசாமி எப்ப வர்றார்?" என்று பாட்டிமார் விசாரிக்கத் தொடங்குவார்கள், ஏதோ சொந்தக்காரர் வருகிற மாதிரி. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து உடைவாள் முன்செல்ல, மூன்று தெய்வங்கள் புறப்பட்டு வருவது அன்பர்கள் அறிந்ததே. தேவாரக்கெட்டு சரஸ்வதி யானைமேல் வருகிறாள். சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் பல்லக்கில் வருகிறார்கள். குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக நகரம் வந்து சேர்ந்ததும் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை பகவதி கோயில், குமாரசுவாமிக்கு நம் ஆரியசாலை பகவதி கோயில் என்று தங்குமிடம் வகுத்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியதன் தொடர்ச்சியாக வந்த வழக்கம் இது.

நம் தெருவில் தங்குகிற இந்தக் குமாரசுவாமி யார்? தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிற குமாரகோயில் முருகன். அக்கோயிலில் வள்ளிக்கே முதலிடம். வள்ளி தினைப்புனம் காத்த இடம், வள்ளிக்குகை, வள்ளிச்சுனை என்று அந்த மலை முழுவதையும் ஊர்மக்கள் அவள் பெயராலேயே சொல்வார்கள். பங்குனி மாதத் திருக்கல்யாணத்தின்போது அங்கே 'குறவர் படுகளம்' என்றொரு நிகழ்ச்சி உண்டு. முருகன் மலையிலிருந்து வள்ளியை அழைத்துக்கொண்டு இறங்கும்போது குறவர்கள் வழிமறிக்கிறார்கள். "எங்க பெண்ணை எங்கே கூட்டிப் போறே?" என்பதுதான் அவர்கள் கேள்வி. சண்டை நடக்கிறது. குறவர் தோற்கிறார்கள். பிறகு கல்யாணம்.

இதை வேடிக்கை நிகழ்ச்சியாகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கென்னவோ இது மிக ஆழமான ஒரு நினைவு என்று தோன்றுகிறது. சமவெளியின் தெய்வம் மலையில் பெண் எடுத்தது, மலைக்காரர் கேள்வி கேட்டனர், அவர்கள் தோற்றனர், பின் உறவாயினர். இந்த வரிசையைத் திருவிழா வருடாவருடம் மறக்காமல் சொல்லிக் காட்டுகிறது. விஜயதசமி அன்று ஆரியசாலையிலிருந்து குமாரசுவாமி பூஜப்புரைக்குப் போவதும் பள்ளிவேட்டைக்காகத்தான். நகரத்தின் நடுவே வந்து தங்கினாலும் மலைமகளை மணந்த அந்தத் தெய்வத்துக்கு வேட்டை விட்டுப்போகவில்லை!

குறவர் வேறு, காணிக்காரர் வேறு என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆனால் இந்தத் தென்கோடி மலைத்தொடரின் தெற்குச் சரிவுகள் வேளிமலைப் பக்கத்திலும், அதன் உச்சி அகத்தியர்கூடத்திலும் இருக்கின்றன. அந்த உச்சியைச் சுற்றி வாழ்கிற மக்கள்தான் காணிக்காரர். விருந்தாளியை வரவேற்கிற நாம், அவருடைய மலைநாட்டில் இன்றும் குடியிருப்பவர்களைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறோம்? அதுவே என் கேள்வி.

சாலை என்னும் பள்ளி

ஆரியசாலை, வலியசாலை என்ற பெயர்களில் உள்ள 'சாலை'க்குப் பாதை என்று பொருள் கொள்வது இன்றைய வழக்கம். பழங்காலத்தில் சாலை என்பது கல்வி கற்பிக்கும் இடத்தையும் குறித்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டு பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை நிறுவி, 95 மாணவர்க்கு இடம் ஒதுக்கிய செப்பேடு கிடைத்திருக்கிறது. காந்தளூர்ச் சாலையின் ஒழுங்குமுறையை ஒட்டி அது நடக்க வேண்டும் என்று அச்செப்பேடு விதிக்கிறது. இராசராச சோழனின் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைப் பகுதிதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வேறிடம் சொல்வோரும் உண்டு. எப்படியிருந்தாலும் ஏட்டுக்கல்வியின் நினைவு நம் தெருப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆய் மன்னர்களைச் சங்கப் பாடல்கள் பொதியில் மலைத் தலைவர்களாகவே பாடுகின்றன. ஆய் அண்டிரன் பெயர் புறநானூறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆகச் சாலையை வைத்தவர்களும் மலையிலிருந்து வந்தவர்களே. ஆனால் சாலையில் படித்தது ஏட்டில் ஏறியது, செப்பேட்டில் பொறிக்கப்பட்டது, இன்று நாம் எடுத்துப் படிக்கிறோம். மலையில் கற்றது பாட்டிலும், கைப்பழக்கத்திலும், பச்சிலை அறிவிலும் தங்கியது. எழுதியதை மட்டும் அறிவு என்று எண்ணுகிற பழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. காணிக்காரர் கதையில் இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய நட்டத்தை உண்டாக்கியது என்பதைப் பின்னால் காண்போம்.

பொதியில் எத்தனை பேருக்குச் சொந்தம்?

அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். உச்சி கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்குச் சரிவு தமிழ்நாடு. தாமிரபரணி கிழக்கே இறங்குகிறது. கரமனையாறும் நெய்யாறும் மேற்கே இறங்குகின்றன.

இந்த மலையை உரிமை கொண்டாடியவர் எத்தனை பேர்! அகத்தியர் தமிழ் வளர்த்த மலை என்பது நம் மரபு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் வருகிற 'பெட்டிகோ' மலை பொதிகையே என்பது பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், தென்கோடியில் அவலோகிதேசுவரர் உறையும் போதலக மலையைக் குறிப்பிடுகிறார். அந்தப் போதலகம் பொதிகைதான் என்று சென்னையில் தங்கித் தமிழ் ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசாகா 1989-ல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். திபெத்தின் லாசாவில் உள்ள போதலா அரண்மனைக்கு அந்த மலையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அப்புறம் வெள்ளைக்காரர் வந்தார். திருவிதாங்கூர் வானிலை ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் 1855-ல் இம்மலையின் உச்சியில் ஓர் ஆய்வுநிலையம் அமைத்துக் காந்தக் கணக்கெடுத்தார். 2016-ல் யுனெஸ்கோ இதை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்தது. கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்த சுமார் 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பு அது.

முனிவர், புலவர், பிக்கு, விஞ்ஞானி, யுனெஸ்கோ என்று எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. மலைக்காரர் பெயர் மட்டும் எங்கே?

காணி என்ற சொல்

'காணி' என்ற தமிழ்ச்சொல்லை நம் ஊர்ப் பெரியவர்கள் நிலஅளவாகச் சொல்வார்கள். கல்வெட்டுகளில் அதற்கு இன்னும் கனமான பொருள்: பரம்பரை உரிமை, விற்றாலொழிய மாறாத நிலஉரிமை. காணியாட்சி என்ற வழக்கு நாடறிந்தது. காடும் மலையும் தங்களுக்குப் பரம்பரையாக வந்தது என்பதை இம்மக்கள் தங்கள் இனப்பெயராலேயே அறிவிக்கிறார்கள். இப்பெயர் தமிழ் என்பதைக் கேட்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தச் சொல் சொல்லுகிற உரிமையைப் பற்றித்தான் யோசிப்பதில்லை.

சாமுவேல் மேட்டீர் 1883-ல் எழுதிய திருவிதாங்கூர் வாழ்க்கை பற்றிய நூலிலும், எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளிலும், எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937-ல் வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் நூலிலும் காணிக்காரர் வருகிறார்கள். ஊர்த்தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டுச் சொல்பவர் விளிக்காணி. 'விளி' என்றால் கூப்பிடு என்பது நமக்கெல்லாம் தெரியும். பூசையும் வைத்தியமும் பார்ப்பவர் பிலாத்தி. இல்லம் என்ற பிரிவுகளை அண்ணன்தம்பி இல்லம், மச்சம்பி இல்லம் என்று இரு பக்கமாக வகுத்து, அண்ணன்தம்பி முறைக்குள் பெண் எடுக்காமல் மச்சம்பி முறையில் எடுப்பார்கள். நம் வீட்டு முறைப்பெண் கணக்கு மாதிரியே இருக்கிறதல்லவா?

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் காணிக்காரர் சுமார் 21,000 பேர். கோட்டூர், பொடியம், பேப்பாறை, விதுரை, கல்லாறு முதலிய இடங்களில் மிகுதி. தமிழ்நாட்டில் பேச்சிப்பாறைப் பகுதியிலும், பாபநாசத்துக்கு மேலே காரையார், சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களிலும் இருக்கிறார்கள்.

ஆரியசாலைக்கும் இவர்களுக்கும் பழைய கொடுக்கல்வாங்கல் உண்டு. 'மலஞ்சரக்கு' என்று சாலைக் கடைத்தெருவில் வழங்கிவந்த சொல்லைப் பழைய வியாபாரக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேன், மெழுகு, சீயக்காய், குங்கிலியம், இஞ்சி, மிளகு எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். காட்டில் சேகரித்த கையிலிருந்து கடைவரை எத்தனை இடைக்கைகள் மாறின, முதல் கைக்கு என்ன மிஞ்சியது என்பதை மட்டும் கணக்குப் புத்தகத்தில் நாம் எழுதி வைக்கவில்லை.

அரண்மனை உறவும் உண்டு. ஓணத்துக்கு முன்பாகக் காணிக்காரர் தேன், வாழைக்குலை, மூங்கிலிலும் ஈற்றையிலும் செய்த பொருள்கள் ஆகியவற்றுடன் கவடியார் அரண்மனைக்கு வந்து காணிக்கை வைப்பார்கள். அரண்மனையிலிருந்து ஓணக்கோடி கிடைக்கும். எட்டுவீட்டில் பிள்ளைமாருக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்திருந்த மார்த்தாண்டவர்மாவைக் காணிக்காரர் காப்பாற்றியதால் வந்த வழக்கம் என்பது மரபுக் கதை. மார்த்தாண்டவர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டவர். ஆட்சி போய்விட்டது, வழக்கம் போகவில்லை. நன்றியை மறக்காத உறவு என்று இதை மெச்சலாம். அதே சமயம், அரசைக் காப்பாற்றிய காடு பிற்காலத்தில் ரிசர்வ் காடாகி, காப்பாற்றியவர்களே அனுமதி கேட்டு நுழைய வேண்டிய இடமாகிவிட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கொக்கரையும் சாற்றுப்பாட்டும்

காணிக்காரரின் கலை என்றால் முதலில் சொல்ல வேண்டியது கொக்கரை. இரும்பில் செய்த குழல். பக்கவாட்டில் ரம்பப்பல் போல வெட்டியிருக்கும். சங்கிலியில் கோத்த ஓர் இரும்புக் கோலால் அந்தப் பல்லின்மேல் உரசி உரசி ஓசை எழுப்புவார்கள். மேளமும் இல்லை, நரம்பும் இல்லை. அந்தக் கரகரப்பின் தாளத்தில் பிலாத்தி பாடுவது சாற்றுப்பாட்டு.

நம் கச்சேரிப் பழக்கத்தில் இதைப் 'பாட்டு' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்காது. ஒருவருக்கு நோய் என்றால் இரவு முழுக்கச் சாற்று நடக்கும். தெய்வங்களையும் மலைகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நோய்க்குக் காரணம் கேட்டு, தீர்வு கேட்டுப் பாடிப் போவார்கள். பச்சிலை வைத்தியம் வேறு, பாட்டு வேறு என்று அவர்களிடம் பிரிவினை இல்லை. நோயாளியைச் சுற்றி ஊரே விழித்திருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி. விதைப்புக்கும் அறுவடைக்கும் கொடுதி என்ற படையல் உண்டு. சாஸ்தா, ஆயிரவல்லி, மல்லன் தம்பிரான் போன்ற தெய்வங்களுக்குக் கோபுரமும் மதிலும் கிடையாது. பாறையும் மரமும் ஊற்றுமே இருப்பிடம். மலையையே கும்பிடுகிறவனுக்கு அதற்குள் தனியாக ஒரு கோயில் எதற்கு?

இந்தப் பாட்டின் மொழியைக் காணிக்காரர் 'மலம்பாஷை' என்கிறார்கள். தமிழும் மலையாளமும் பிரிவதற்கு முன்னும் பின்னும் இருந்த பல கூறுகள் அதில் கலந்திருக்கின்றன. கேரளப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். காரையார்ப் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். வீட்டுப் பேச்சு இரண்டு பாடப்புத்தகத்திலும் இல்லை. பிற மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு இந்தச் சங்கடத்தை விளக்கவே வேண்டாம். நம் பிள்ளைகள் தமிழை மறந்தால் எல்லை தாண்டி ஏழு கோடிப் பேர் அதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் மறந்தால் அந்தப் பேச்சுக்கு வேறு நாடு இல்லை.

ஆரோக்கியப்பச்சை: ஒரு கணக்கு

1987 டிசம்பரில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் இனத்தாவரவியல் ஆய்வுக்குழு ஒன்று அகத்தியமலையில் நடந்தது. வழிகாட்டிகளாகச் சில காணி இளைஞர்கள் கூடச் சென்றார்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. இளைஞர்களோ சுமையோடு களைக்காமல் ஏறுகிறார்கள். நடுநடுவே ஏதோ ஒரு சின்னக் காயைத் தின்றுகொள்கிறார்கள். வாங்கித் தின்று பார்த்த குழுவினருக்கும் களைப்பு நீங்கியது. "அது என்ன செடி?" என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை, வெளியாருக்குச் சொல்லக் கூடாதது என்றார்கள். வற்புறுத்தியபின் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற பெயர் இப்படித்தான் வெளியுலகுக்கு வந்தது.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியை ஆராய்ந்து, அமுக்கரா முதலியன சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு ஏழு ஆண்டுக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைப்பங்கு. இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. இந்தியாவில் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று அன்று ஒரு சட்டமும் கிடையாது. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002-ல்தான் வந்தது. பணத்தைப் பெற 1997-ல் காணிக்காரர் நல அறக்கட்டளை பதிவானது. 1999-ல் முதல் தொகையாக 5 லட்சத்துச் சொச்சம் போய்ச் சேர்ந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் சில முயற்சிகளுள் ஒன்று என்று உலகம் முழுக்க இதைப் பாராட்டினார்கள். 2002-ல் ஜோகன்னஸ்பர்க்கில் புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பு சார்ந்த எக்வேட்டர் விருது கிடைத்தது.

இது வரைக்கும் நல்ல கதை. மீதியையும் சொல்ல வேண்டும். மருந்துக்கு வேண்டியது காயல்ல, இலை. இலையைக் காட்டிலிருந்து கொண்டுவர வனத்துறை சம்மதிக்கவில்லை. கள்ளத்தனமாகச் செடியை வேரோடு பிடுங்குவோரும் கிளம்பினார்கள். காணிக்காரரிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு பகுதி ஆட்களிடம் கேட்டதை எல்லோரும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி எழுந்தது. குலரகசியத்தைக் கம்பெனிக்கு விற்பதைப் பிலாத்திகளில் சிலர் எதிர்த்தார்கள். கடல்கடந்து அமெரிக்காவில் ஜீவனி என்ற பெயரை வேறு யாரோ வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டார்கள். நம் பக்கத்தில் அதைத் தடுக்க ஏற்பாடு இல்லை. 2008-ஓடு உரிமமும் முடிந்தது.

முன்னால் சொன்ன நட்டம் இதுதான். ஏட்டில் எழுதிய அறிவுக்கு உரியவர் பெயர் இருக்கிறது. வழிவழியாக வாயால் சொன்ன அறிவு யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து மாதிரி ஆகிவிடுகிறது. 2010-ல் ஜப்பானின் நகோயாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உலக ஒப்பந்தம், பழங்குடியினரின் முன்சம்மதமும் நியாயமான பங்கும் வேண்டும் என்று சொன்னது. அதன் முன்கதைகளில் நம் அகத்தியமலையும் ஒன்று என்பது நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கல்லாற்றுக் காட்டில் வாழ்கிற காணிப் பெண்மணி லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விஷவைத்தியத்தில் பேர்பெற்றவர், தாயிடமிருந்து கற்ற நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர். சாலைகள் பட்டம் கொடுக்காத ஒரு கல்விக்கு நாடு தாமதமாகவாவது தலைவணங்கியது.

உச்சிக்கு யார் போகலாம்?

அகத்தியர் பிரம்மச்சாரி முனிவர், அவர் உறையும் உச்சிக்குப் பெண்கள் போகக் கூடாது என்பது காணிக்காரர் வழக்கம். அவர்கள் பெண்களும் அடிவாரத்திலிருந்தே கும்பிடுவார்கள். வனத்துறை நடத்தும் மலையேற்றத்திலும் பெண்களுக்கு வெகுகாலம் அனுமதி இல்லை. வழக்கு நீதிமன்றம் போனது. பாகுபாடு கூடாது என்று 2018 இறுதியில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப்பின் ஏறிய முதல் பெண்ணானார். காணிக்காரர் போனக்காட்டில் அமைதியாகக் கூடி, தங்கள் மனவருத்தத்தைத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை.

பெண்களுக்குத் தடை நீங்கியது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். அரசு அனுமதிச்சீட்டு விற்று நடத்துகிற மலையேற்றத்தில் ஆண் பெண் பேதம் எப்படிச் சரியாகும்? வழக்கங்கள் மாறுவதும் புதிதல்ல. குமாரசுவாமியோடு சரஸ்வதி வந்து தங்கும் நவராத்திரி மண்டபத்தில் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாகப் பாடியது 2006-ல்தான். மண்டபம் குறைந்துபோகவில்லை, நிறைந்தது.

ஆனால் இந்த வழக்கில் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆணோ பெண்ணோ, வெளியூரார் இத்தனை பேர் அந்த உச்சியில் கால் வைக்கலாமா என்பதை முடிவு செய்வதில் காணிக்காரருக்கு என்ன இடம்? அவர்களை வழிகாட்டிகளாகவும் சமையல்காரராகவும் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் யாரும் கேட்கவில்லை.

அதே 2019-ல் ஆஸ்திரேலியாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். உலூரு என்ற செம்பாறை மலை அனங்கு பழங்குடியினருக்குப் புனிதமானது. 1985-ல் அந்நாட்டு அரசு நிலத்தை அவர்களிடமே ஒப்படைத்தது. பூங்காவை நடத்தும் குழுவில் அனங்கு மக்களே பெரும்பான்மை. அக்குழு 2017-ல் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 முதல் மலையேற்றத்தை நிறுத்தியது. ஆணுக்கும் நிறுத்தம், பெண்ணுக்கும் நிறுத்தம். சுற்றிப் பார்க்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஏறக் கூடாது. அங்கே கேள்வி 'யார் ஏறலாம்' என்பதல்ல. 'யாரிடம் கேட்க வேண்டும்' என்பது. நம் நாட்டிலும் 2006-ன் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நடப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

1956 போட்ட கோடு

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. தாய்த்தமிழகத்தோடு சேர நம்மவர்கள் போராடிப் பெற்ற வெற்றி அது. அதனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட நாம் 'வெளிமாநிலத் தமிழர்' ஆனோம். குமாரசுவாமியும் அன்றுமுதல் வெளிமாநிலத்திலிருந்து வருகிறார்; களியிக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்து கைமாற்றி விடுகிறார்கள்.

காணிக்காரருக்கு என்ன ஆயிற்று? அவர்கள் எங்கும் போகவில்லை. கோடுதான் அவர்கள் மேல் வந்து விழுந்தது. அண்ணன்தம்பி இல்லம் ஒரு மாநிலத்தில், மச்சம்பி இல்லம் மறு மாநிலத்தில். கேரளத்தின் பட்டியலில் காணிக்காரர் பழங்குடி. தமிழ்நாட்டுப் பட்டியலிலோ கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று இடம் குறித்தே அப்பெயர் இருக்கிறது. வட்டத்தைத் தாண்டினால் பழங்குடிச் சான்று கேள்விக்குறி! சாதிச்சான்றுக்கும் மொழிச்சிறுபான்மைச் சலுகைக்கும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய நம் குடும்பங்களுக்கு இந்த வலி புரியும்.

நாம் பிழைப்புக்காக மலையைத் தாண்டி வந்தவர்கள். அவர்கள் மலையிலேயே இருந்தவர்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே கோடு சிறுபான்மை ஆக்கியது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது அவர்கள் வரலாறு நம் மலரில் இடம்பெற வேண்டும் என்பது என் துணிபு.

நாம் செய்யக் கூடியது

ஆரியசாலையில் குழாயைத் திறந்தால் வருவது கரமனையாற்றுத் தண்ணீர். 1933-ல் அருவிக்கரையிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்தது. 1983-ல் மேலே பேப்பாறையில் அணை எழுந்தது. அந்த அணைக்கட்டின் நீர்ப்பிடிப்பு முழுதும் காணிக்காரர் வாழும் காடு. காடு அழியாமல் இருப்பதால்தான் கோடையிலும் சாலைக்கடையில் டீ கிடைக்கிறது. தெய்வம், மருந்து, தேன், தண்ணீர் என்று மலையிலிருந்து நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. நம்மிடமிருந்து மலைக்குப் போனது என்ன?

பெரிய காரியம் எதையும் நான் சொல்லவில்லை. நம் சங்கங்கள் மனம் வைத்தால் செய்யக் கூடியவை மூன்று. முதலாவது, கொக்கரையும் சாற்றுப்பாட்டும் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் விரும்புகிற பாட்டை மட்டும், பாடியவர் பெயரோடு பதிவு செய்து, ஒரு பிரதியை அந்த ஊருக்கே கொடுக்க வேண்டும். வெளியில் சொல்லக் கூடாது என்று அவர்கள் ஒதுக்குவதை நாமும் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆரோக்கியப்பச்சை கற்றுத்தந்த பாடம் அது. இரண்டாவது, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் அகத்தியரைச் சொல்லும்போது காணிக்காரரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதிகை தமிழின் மலை என்று சொன்னால் அடுத்த வரியிலேயே அது காணிக்காரரின் காணி என்று வர வேண்டும். மூன்றாவது, இரு மாநில மொழியும் அறிந்தவர்கள் நாம்தான். எல்லையின் இரு பக்கமும் உள்ள காணிக் குடும்பங்களுக்கு மனு எழுதவும், சான்று வாங்கவும், அலுவலகத்தில் பேசவும் நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்? நம்மிடையே வக்கீல்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வேளிமலையில் குறவர்கள் ஆண்டுதோறும் வழிமறித்துக் கேட்கிற கேள்விக்கு முருகன் கல்யாணத்தால் பதில் சொல்கிறான். பெண் எடுத்த வீட்டோடு உறவு கொண்டாடுவது நம் மரபு. மலையிலிருந்து இத்தனையும் எடுத்துக்கொண்ட நாம், சம்பந்தி வீட்டாரை இன்னும் முறையாகப் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்ப்போம்.